காப்பெற்றில் இறங்கிய சனீஸ்வரன்

புரட்டாசிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு போத்தல் நல்லெண்ணெய் வான் வண்டிக்குள், காப்பெற் விரிப்பில் சரிந்துவிட்டதாம். கொடிகாமத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெற்றோல் ஊற்றித் தேய்க்கலாமா என்பது அவருடைய கேள்வி. எண்ணெய் கொட்டினால் சனியன் வாகனத்தில் ஏறிவிட்டான் என்று மாமி சொல்கிறாவாம். அது உண்மையா என்பது துணைக்கேள்வி.

மாமிக்கு முதலில் பதில்: மூடியை யாரோ இறுக்கவில்லை.

பெற்றோல் வேண்டாம். அது எண்ணெயைக் கரைக்கும்தான்; ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் கரைந்த எண்ணெய் இன்னும் அகலமாகப் பரவும், காப்பெற்றின் அடிப்பசையும் இளகும். கதவு சாத்திய வானுக்குள் அந்த ஆவி பற்றிக்கொள்ளச் சிறு பொறி போதும்.

வாகனக் காப்பெற்றின் இழை பெரும்பாலும் நைலோன், பொலிஎஸ்தர், இல்லையேல் பொலிபுரொப்பிலீன். கடைசியாகச் சொன்னது முழுக்க ஐதரோக்காபன், அதாவது காபனும் ஐதரசனும் மட்டுமே; எண்ணெய்க்கு நெருங்கிய சொந்தம். கடலில் கொட்டிய எண்ணெயை ஒற்றியெடுக்கும் விரிப்புகளையே அதில்தான் செய்கிறார்கள். அப்படிப்பட்ட இழையில் எண்ணெய் மெல்லிய படலமாகப் படர்ந்து குடியேறிவிடும். வெறும் தண்ணீருக்கு அங்கே கால்வைக்க இடமில்லை.

சவர்க்கார மூலக்கூறின் தலை நீரை நாடும், வால் எண்ணெயை நாடும். இது தெரிந்த கதை. எனக்குப் பிடித்த காட்சி அதற்குப் பிறகுதான் வருகிறது. வால்கள் எண்ணெயில் மட்டும் குத்தி நிற்பதில்லை, இழையின் மேலும் போய்ப் படிகின்றன. நீருக்கு இப்போது இரண்டு பக்கமும் பகை தணிந்துவிட்டது. படலத்தின் விளிம்பில் மெல்ல நுழைகிறது. எண்ணெய் ஓரத்திலிருந்து பின்வாங்குகிறது. விடிந்ததும் பாயைச் சுருட்டுவது போலத் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு குவிகிறது. கடைசியில் இழையைச் சிறு புள்ளியில் தொட்டுக்கொண்டிருக்கும் உருண்டை. தூரிகையால் ஒரு தட்டு, கழன்று மிதக்கிறது. தலைகளில் ஒரே மின்னேற்றம் இருந்தால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளும், திரும்பப் படியாது. பொலிபுரொப்பிலீனில் இது முழுதாக நடக்காது, பாதி அறுந்து பாதி நிற்கும். அதனால்தான் இரண்டு மூன்று தரம் செய்யவேண்டியிருக்கிறது.

மிஞ்சும் நுண்ணிய எண்ணெயை மைசெல்கள் விழுங்கும்; வால்களை உள்ளே மறைத்துச் சவர்க்கார மூலக்கூறுகள் சேரும் கூட்டங்கள் அவை. இப்படிக் கூட்டங்கள் சேர்கின்றன என்று 1913இல் இரசாயனவியலாளர் மக்பெயின் முன்வைத்தார். சவர்க்காரம் ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டினால்தான் அவை உருவாகும். வாளி நிறையத் தண்ணீரில் இரண்டு சொட்டு விடுவது வீண்வேலை.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரின் கல்சியமும் மக்னீசியமும் உடுப்புச் சவர்க்காரத்தைக் கசடாக்கிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் அவ்வளவு இலகுவில் தோற்காது.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரமே கிடைக்காததால் அந்தக் கசடுக்கும் வழியில்லை. பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். கொடியில் காய்ந்த என் சாரத்தை மாடு சப்பியது வேறு கதை. பனங்களியின் கைப்புக்குக் காரணமான பிளபெலிபெரின்கள் சப்போனின் வகை, நீரில் நுரைக்கும் தாவரப் பொருட்கள். அவற்றுக்கும் இதே தலையும் வாலும் உண்டு. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. பரிகாரப் பூசைக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பங்கு இந்த மூலக்கூறுக்குப் போனால் நான் மகிழ்வேன். அதற்காகக் காப்பெற்றில் பனங்களி பூசிவிடாதீர்கள், மஞ்சள் கறை மிஞ்சும்.

செய்முறை சிறியது. பழைய துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். முகப்பவுடர் தூவிச் சில மணிநேரம் விடுங்கள். துணிக்கைகளின் இடைவெளி மயிர்த்துளை போல எண்ணெயை உறிஞ்சும். (ஒடியல் மாவில் கைவைத்தால் வீட்டில் வேறு சனி தொடங்கும்.) தட்டியெடுத்தபின் இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை நன்றாகக் கலந்து, நுரையை மட்டும் தூரிகையில் எடுத்துத் தட்டுங்கள். ஈரத்துணியால் நுரையை ஒற்றியெடுத்துக் கதவுகளைத் திறந்து வெயிலில் விடுங்கள். அடிப்பஞ்சு நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

கடிதத்தில் திகதி இல்லை. கொட்டி மாதங்களாகியிருந்தால் நிலைமை வேறு. நல்லெண்ணெயில் ஏறத்தாழ 40 வீதம் லினோலெயிக் அமிலம். அது காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகிவிடும். பிசின் பாய்போலச் சுருளாது. அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதிது போடுவதுதான் மலிவு.