தோசைக்கும் சட்டைக்கும் ஒரே சூடு

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் பல சமயம் அடுப்பும் கூட. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பருத்தித் துணிக்குத் திருப்பி வைத்த அயர்ன் பாக்ஸின் அடித்தட்டு சுமார் 200 டிகிரி செல்சியஸ். மாவு முறுகிச் சிவக்க 140 தாண்டினாலே போதும். சூட்டுக்குக் குறைவில்லை. எப்போது நிறுத்துவது என்று அந்தப் பொருள் எதை வைத்து முடிவு செய்கிறது, அதில்தான் எல்லாம் இருக்கிறது.

அயர்ன் பாக்ஸுக்குள் இருப்பது, வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை. சூடேறினால் ஒரு பக்கம் கூடுதலாக நீண்டு பட்டை வளையும், மின்தொடர்பு அறும். ஆறினால் நிமிர்ந்து மறுபடி சேரும். அவ்வப்போது கேட்கும் ‘டிக்’ அதுதான். கவிழ்த்து நிறுத்தி, பட்டர் பேப்பர் விரித்து பிரெட்டையோ மிஞ்சிய பரோட்டாவையோ வாட்டலாம். தோசைக்குத் தேறாது. மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். தோசைக்கல்லின் கனம் இந்தத் தட்டுக்கு இல்லாததால் சட்டென்று ஆறிவிடும். (கரி போடும் இஸ்திரிப் பெட்டியில் பட்டையும் இல்லை, டிக்கும் இல்லை. தேய்ப்பவர் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதுதான் கணக்கு.)

கெட்டில் நீராவியை நம்புகிறது. தண்ணீர் கொதித்ததும் ஆவி ஒரு சிறு வழியாகப் போய் இதே மாதிரி தகட்டைச் சுடும், சுவிட்ச் விழும். மூடியைத் திறந்து வைத்தால் அணையாமல் கொதித்துக்கொண்டே இருப்பது இதனால்தான். முட்டைக்கு இது தோது. வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கும், மஞ்சள் கரு 70க்குள். அணைந்த வெந்நீரில் மூடி வைத்துக் கால் மணி நேரம் விட்டாலே வெந்துவிடும். பால்தான் வம்பு. கும்பகோணம் டிகிரி காபி ஆசையில் ஊற்றினால், புரதம் அடியில் ஒட்டித் தீயும். மேலே படியும் ஆடை ஆவியை மறித்துப் பொங்கும்.

ரைஸ் குக்கர்தான் எனக்குப் பிடித்தது. அதன் அடியிலுள்ள காந்தக் கலவை, 100 டிகிரிக்குச் சற்று மேலே போனால் காந்தத்தன்மையை இழந்துவிடும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி அந்த அளவைத் தொடாது. பொன்னி அரிசி நீரை உறிஞ்சி முடித்ததும் சூடு எகிறும், காந்தம் பிடியை விடும். ரசம் வைத்தால் தண்ணீர் வற்றாது, அதனால் தானாக நிற்காது. கேக் மாவு நேரெதிர்: சீக்கிரமே சுவிட்ச் விழும், திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். அப்போதும் மேற்புறம் சிவக்காது.

பம்புசெட்டுகள் ஓடும் நாட்களில் இன்னொரு சிக்கல். வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்குப் போகப் போகக் குறைவதுபோல, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளிப் போகப் போக வோல்டேஜ் குறையும். 230 வோல்ட் 180 ஆனால், திறன் வோல்டேஜின் இருமடிக்கேற்பக் குறைவதால் கிடைப்பது சுமார் 61 சதவீதம்தான். 1500 வாட் கெட்டிலில் மூன்றேகால் நிமிடத்தில் கொதிக்கும் 1 லிட்டர் தண்ணீருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும்.

வோல்டேஜ் சரியாக இருந்தால் அதே கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். அறையில் இருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. கூடவே 1000 வாட் அயர்ன் பாக்ஸையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் 11 ஆம்பியரைத் தொடும். முட்டை வேகும் முன்பே பிளக் உருகும் வாடை வரலாம்.