பாஸ்பேட்டைப் பற்றி நிற்கும் நீர்

உயிரணுச் சவ்வின் படத்தில், பாஸ்பேட் கொண்ட தலையும் கொழுப்பமில வால்களும் உடைய பாஸ்போலிப்பிட்டுகள் என்ற கொழுப்பு (லிப்பிட்) மூலக்கூறுகளின் தலைகள் இரண்டு வரிசையாக நிற்கும். வால்கள் உள்ளே மறைந்திருக்கும். இருபுறமும் நீர் என்று வெறும் நீல வண்ணம் பூசியிருப்பார்கள். ஆனால் தலைகளை ஒட்டியிருக்கும் நீர் வெறும் சூழல் அல்ல. அது சவ்வின் ஓர் உறுப்பு என்றே சொல்வேன்.

பாஸ்பேட்டில் ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் உள்ளன. அவற்றில் ஒன்று வால்களைத் தாங்கும் கிளிசரால் பக்கம் பிணைந்திருக்கிறது, இன்னொன்று கோலின் போன்ற தலைப்பகுதியோடு. மற்ற இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு, ஒரே ஓர் எதிர்மின்சுமையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் முனைகளில் சிறிதளவு நேர்மின்தன்மை உண்டு. அந்த முனை இந்த ஆக்சிஜனை நோக்கித் திரும்ப, ஹைட்ரஜன் பிணைப்பு உருவாகிறது. ஒரு பாஸ்பேட்டை இப்படி நான்கைந்து நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். சில மூலக்கூறுகள் தம் இரண்டாவது ஹைட்ரஜனால் பக்கத்து லிப்பிட்டின் பாஸ்பேட்டையும் பிடித்து, இரண்டுக்கும் பாலமாகிவிடுகின்றன. எதுவும் நிலையாக ஒட்டிக்கொள்வதில்லை. ஒரு வினாடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் பிணைப்பு அறுந்து வேறொன்று உருவாகிறது. ஆயினும் தனித்த நீரைவிட இங்கே இயக்கம் மெதுவானதுதான்.

கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிணைப்பை அகச்சிவப்பு நிறமாலை, அதாவது எந்தெந்த அகச்சிவப்பு அலைகள் உறிஞ்சப்படுகின்றன என்ற பதிவு, காட்டிக்கொடுக்கிறது. அந்த இரண்டு ஆக்சிஜன்களும் பாஸ்பரஸோடு சேர்ந்து அதிர்வதால் வரும் ஒரு பட்டை, உலர்ந்த லிப்பிட்டில் சென்டிமீட்டருக்கு 1260 அலைகள் அருகே தெரியும். நீர் சேரச் சேர அது 1220 வரை இறங்கிவிடும்.

தலை மாறினால் நீரின் பிடியும் மாறும். கோலினின் நைட்ரஜனை மூன்று மெத்தில் தொகுதிகள் மூடியிருப்பதால், பாஸ்பேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்த அதனால் முடிவதில்லை. அங்கே நீருக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. எத்தனோலமின் என்ற இன்னொரு தலைப்பகுதியின் நைட்ரஜனிலோ மூன்று ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. அவை பக்கத்து பாஸ்பேட்டை நேரடியாகப் பிடித்து, நீர் நிற்கவேண்டிய இடத்தை எடுத்துக்கொள்கின்றன. விளைவு வியப்பூட்டுகிறது: இரண்டுக்கும் அதே பால்மிட்டிக் அமில வால்கள்தாம், ஆனால் நீரில் கோலின் லிப்பிட்டின் வால்கள் 41 பாகை செல்சியஸில் இளகும், எத்தனோலமின் லிப்பிட்டுக்கு ஏறத்தாழ 63 பாகை வேண்டும்.

நீரை முழுவதும் எடுத்துவிட்டால்? தலைகள் நெருங்குகின்றன, வால்களும் நெருங்கி இறுகுகின்றன, சவ்வு கூழ்நிலை (gel) எனப்படும் இறுகிய நிலைக்குப் போய்விடுகிறது. வறண்டும் உயிரோடிருக்கும் உயிரிகள் பலவற்றில் டிரெஹலோஸ் என்ற சர்க்கரை சேர்ந்திருக்கிறது. அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீர் விட்டுச்சென்ற இடத்தில் பாஸ்பேட்டோடு பிணைந்து, தலைகளை விலக்கி வைக்கின்றன என்று ஆய்வாளர் ஜான் குரோவும் அவரது குழுவினரும் 1984-இல் விளக்கினார்கள்.

அடுமனைகளில் பயன்படும் உலர் ஈஸ்டிலும் டிரெஹலோஸ் உண்டு. அதை வெதுவெதுப்பான, ஏறத்தாழ 40 பாகை நீரில் கரைக்கச் சொல்வதன் காரணம் இந்தச் சவ்வுதான். அந்தச் சூட்டில் வால்கள் நீர் சேருமுன்பே இளகிவிடும். குளிர்ந்த நீரில் அவை இறுகிய நிலையில் இருக்க, பாஸ்பேட்டுகளை நீர் வந்தடைகிறது. நீர் ஏறும்போதே சவ்வு நிலை மாறவேண்டியிருப்பதால் அந்த நேரத்தில் அது ஒழுகுகிறது. உள்ளிருக்கும் உப்புகளும் அமினோ அமிலங்களும் வெளியேறி, பல செல்கள் இறந்துபோகின்றன. மாவு சரியாக உப்புவதில்லை.