காலையில் பேசிய வயர்லெஸ் மைக் மாலையில் ஏன் ஊமையாகிறது?

போன வாரம் திருமங்கலம் பக்கம் ஒரு கோயில் திருவிழா. ராத்திரி பட்டிமன்றம். மைக் செட் என்னுடையதில்லை, சும்மா கேட்கத்தான் போயிருந்தேன். நடுவர் தீர்ப்புச் சொல்ல எழுந்து, "ஆகவே பெரியோர்களே" என்றார். அதோடு சரி. இரண்டு வார்த்தை வரும், மூன்று வார்த்தை போகும். கூட்டம் விசிலடித்தது. மைக் செட் தம்பி என்னைப் பார்த்து, "காலையில டெஸ்ட் பண்ணினப்ப நல்லாத்தாண்ணே இருந்துச்சு" என்றார்.

இந்தச் சித்திரையில் மட்டும் இதே வசனத்தை நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

காலையில் இருந்தது காலி நாற்காலிகள் தம்பி! வயர்லெஸ் மைக்கின் அலையைப் பிடிக்கிற பெட்டியான ரிசீவரைக் கூட்டத்துக்குப் பின்னால், ஒலியைக் கலக்கும் மிக்சர் மேசையில் இடுப்பு உயரத்தில் வைத்திருந்தார். கேட்டால், "அட்டையில 100 மீட்டர்னு போட்டிருக்கே." அந்த 100 மீட்டர் நடுவில் ஆளே இல்லாத பொட்டலுக்கு. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கும். ஐந்நூறு பேர் உட்கார்ந்தால் மேடைக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு கண்மாய் நிறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை கூடின மைக் வாங்கினாலும் கண்மாய் வற்றாது.

ரிசீவரை மேடையோரம் ஏற்றுங்கள். ஆண்டெனா தலைகளுக்கு மேலே, மைக்கைப் பார்த்தபடி இருக்கட்டும். அங்கிருந்து மிக்சருக்கு வயர் இழுங்கள். இரண்டு ஆண்டெனாவையும் வி போல விரித்து வையுங்கள். இரும்பு ரேக்குக்குள் மடக்கி வைக்கிறவர்களை என்ன சொல்வது!

மூன்று நான்கு மைக் ஓட்டுகிறவர்கள் அவற்றின் அலைவரிசையை 600, 601, 602 மெகாஹெர்ட்ஸ் என்று வரிசையாக வைக்காதீர்கள். முதல் இரண்டும் கலந்தாலே 602-இல் ஒரு கள்ள சிக்னல் முளைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்கைப் பெரிய மண்டபத்தில் நம்பவே வேண்டாம். வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் குடியிருக்கின்றன, வந்தவர் எல்லோர் பையிலும் செல்போன்.

பேட்டரி? நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி புதுசு. நேற்றையது "இன்னும் கொஞ்சம் ஓடும்" என்ற கதை வேண்டாம்.

பேச்சாளர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். மைக்கின் அடிப்பாகத்தைப் பொத்திப் பிடிக்காதீர்கள், பெரும்பாலான மைக்குகளில் ஆண்டெனா அங்கேதான். வலைத்தலையையும் பொத்த வேண்டாம், ஊளையிடும். அப்புறம் எங்களைத்தான் முறைப்பீர்கள்.

அன்றைக்கு நடுவரைக் காப்பாற்றியது, தம்பி ஓடிப்போய்க் கொண்டுவந்த பழைய வயர் மைக். விழாக் கமிட்டிக்காரர்களே, மேடையில் ஒரு வயர் மைக் எப்போதும் நிற்கட்டும். வீடியோவில் அசிங்கமாகத் தெரிகிறது என்று அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.