பிரேக்கைச் சக்கரத்திலிருந்து கழற்றினால்

ஸ்போர்ட்ஸ் காரின் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால் டிஸ்க் எனப்படும் ஒரு இரும்புத் தட்டும் அதைக் கவ்வியிருக்கும் காலிப்பரும் தெரியும். இரண்டும் நல்ல கனம். அந்தக் கனம் முழுக்க ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிறது. மேட்டில் ஏறிய கனமான சக்கரம் சட்டென்று இறங்காது. டயர் ஒரு கணம் ரோட்டை விட்டு எழும்பினால் பிடிப்பும் போச்சு.

சரி, பிரேக்கைக் கழற்றி வண்டியின் உடம்புக்குள் வைத்துவிட்டால்? இதுதான் இன்போர்டு பிரேக். 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் பின் டிஸ்க்குகள் டிஃபரன்ஷியலை, அதாவது எஞ்சின் சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர்பெட்டியை, ஒட்டியே இருந்தன. அங்கே பிடித்தால் ஆக்ஸில் வழியாகச் சக்கரம் நிற்கும். டிஸ்க் ரிம்முக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனால் சூடு எங்கே போகும்? 1,500 கிலோ கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 23 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கிறது. ஏழு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். ஒரே ஒரு தடவை மிதித்ததற்கு! சக்கரத்தில் இருந்தால் காற்று அள்ளிக்கொண்டு போயிருக்கும். உள்ளே அடைபட்ட வெப்பம் டிஃபரன்ஷியலின் ஆயில் சீலைக் காயவைக்கிறது. சீல் கசிந்தால் ஆயில் டிஸ்க்கிலேயே வழியும். டிஸ்க்கை மாற்றவோ, பின் சஸ்பென்ஷனையே கீழே இறக்க வேண்டியிருந்தது. மெக்கானிக்குகள் என்ன திட்டினார்களோ.

முன்சக்கரத்தில் இன்னொரு சிக்கல். பின்சக்கர இயக்கக் காரில் முன்னால் ஆக்ஸிலே கிடையாது; பிரேக்குக்காக மட்டும் ஒரு ஷாஃப்ட் போட வேண்டும். முழு பிரேக் விசையும் அந்த ஒல்லித் தண்டை முறுக்கும். 1970இல் லோட்டஸ் 72 என்ற ஃபார்முலா ஒன் பந்தயக் கார் இந்த வழியில் போனது. அந்த செப்டம்பரில் இத்தாலியின் மான்ஸாவில், பயிற்சி ஓட்டத்தின்போது, ஓட்டுநர் யோகன் ரிண்ட்டின் காரில் வலது முன் பிரேக் ஷாஃப்ட் முறிந்தது. கார் தடுப்பில் மோதி அவர் இறந்தார். அந்த ஆண்டின் உலக சாம்பியன் பட்டம் அவர் இறந்த பிறகே அவருக்குக் கிடைத்தது.

காற்றையே பிரேக்காக்கியவர்களும் உண்டு. 1955 லெ மான்ஸ் பந்தயத்தில் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கார்களில் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை நிமிர்ந்து எழும். அதனால் பிரேக்குக்குத் துளி சூடு இல்லை. ஆனால் வேகம் பாதியானால் காற்றின் தடை கால்பங்காகிவிடும். வளைவை நெருங்க நெருங்க அது கைவிட்டுவிடும்.

இன்போர்டு பிரேக்கைத் தேவையற்றதாக்கியது கார்பன் செராமிக் டிஸ்க் என்பேன். இரும்பு டிஸ்க்கின் பாதி எடைதான். அப்புறம் எதற்கு இடம் மாற்றுவது? விலைதான் கண்ணைக் கட்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய யோசனை மின்கார்களில் சத்தமில்லாமல் திரும்பியிருக்கிறது. உடம்புக்குள் இருக்கும் மோட்டார் ஜெனரேட்டராகி, ஆக்ஸில் வழியாகச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது. வெப்பமாகப் போயிருக்க வேண்டியதில் பெரும்பங்கு பேட்டரிக்குப் போகிறது. மின்கார் பந்தயமான ஃபார்முலா ஈயின் மூன்றாம் தலைமுறைக் காரைப் பின்சக்கரத்தில் ஹைட்ராலிக் பிரேக்கே இல்லாமல் வடிவமைத்தார்கள். பிறகு, எதற்கும் இருக்கட்டுமென்று, அவசர பிரேக் ஒன்றைச் சேர்த்தார்கள்.