பச்சை விளக்கு வந்தால் பியானோ சுருதி சேர்ந்துவிடாது

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் வேலை. செயலியை நம்பிக் கெடுத்துவைத்த பியானோ, இந்த டிசம்பரில் மட்டும் இது மூன்றாவது. அட்டன் பக்கம் ஒரு தேவாலயம். கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது கூப்பிட்டார்கள். பாடகர் குழுத் தம்பி ஒருவர் சுருதி சரியானால் பச்சை காட்டும் கிட்டார் ட்யூனர் செயலியைப் போனில் திறந்துவைத்து, கராஜ் ஸ்பானரால் பியானோ முழுவதையும் திருகியிருந்தார். இரண்டு கம்பி அறுந்து தொங்கியது. கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் ட்யூனிங் பின்களின் சதுரத் தலைகள் மழுங்கிப் போயிருந்தன. "அண்ணே, எல்லாக் கட்டைக்கும் பச்சை வந்துச்சே, பிறகு ஏன் கோர்ட்ஸ் அடிச்சா அழுகுது?" என்றார்.

பச்சை வந்தது உண்மை. அந்தச் செயலி ஒரு கட்டையின் அடிப்படை ஒலியை மட்டும் எடுத்து, தன்னிடம் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுகிறது. பியானோ கம்பியோ விறைப்பான எஃகு. அடிப்படை ஒலியோடு கூடவே எழும் அதன் மேல் ஒலிகள் கணக்கில் வரவேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் ஏறித்தான் நிற்கும். நம் காது ஆக்டேவை (ஒரு ஸவிலிருந்து மேல் ஸ வரை) சேர்த்துப் பார்ப்பது அந்த மேல் ஒலிகளை வைத்துத்தான். அதனால் ஆக்டேவைச் சற்று இழுத்து வைக்கவேண்டும். எவ்வளவு என்பது ஒவ்வொரு பியானோவுக்கும் வேறு; குட்டைப் பியானோவில் இன்னும் கூடும். பியானோவுக்கென்றே செய்த மென்பொருள்கள் இதை அளந்து கணக்கிடும், அவற்றை நான் குறை சொல்லவில்லை. கிட்டார் செயலிக்கு இது தெரியவே தெரியாது. தயவுசெய்து இதை ஒருமுறை மனதில் வாங்குங்கள்.

சங்கீதம் படித்த பிள்ளைகள் வேறு இடத்தில் தடுக்குகிறார்கள். தம்புராவில் தானாக எழும் காந்தாரம் அவர்கள் காதில் ஊறியிருக்கிறது. பியானோவின் காந்தாரம் அதைவிட ஏறத்தாழ 14 சென்ட் கூடுதல். ஒரு செமிடோனில், அதாவது அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியில், நூறில் ஒரு பங்குதான் சென்ட். "இது பிசகு" என்று இறக்கிவிடுகிறார்கள். பிசகில்லை. சுத்தமான பஞ்சமங்களை 12 முறை அடுக்கினால் 7 ஆக்டேவைத் தாண்டி ஏறத்தாழ 23.5 சென்ட் மிஞ்சும். மிஞ்சியதை எங்காவது பங்கிட்டே ஆகவேண்டும். நடு ஆக்டேவில் அந்தப் பங்கீட்டைச் செய்வதுதான் டெம்பரமென்ட். அது கோணினால் மேலும் கீழும் எல்லாமே கோணும்.

பழைய வழி, பஞ்சமமும் மத்தியமமுமாகச் சுற்றி வருவது. பியானோவின் நடுவில் இருக்கும் சி கட்டைதான் நடு சி. நடு சிக்குக் கீழே உள்ள ஏயில் தொடங்கி, ஏ–இ பஞ்சமத்தைக் குறுக்கினால் 4 செக்கனில் சுமார் 3 அலை கேட்கும்; இரண்டு ஒலி முழுதாகச் சேராதபோது சத்தம் ஏறி இறங்குவதுதான் அலை. ஏ–டி அகலும், செக்கனுக்கு ஓர் அலை. வழி நல்லதுதான், ஆனால் சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து கடைசியில்தான் முகத்தில் அடிக்கும். எந்த இடத்தில் தவறினோம் என்று தேடுவதற்குள் அரை நாள் போய்விடும்.

அதனால் காந்தார வழியையும் கட்டாயம் படியுங்கள். நடு சிக்குக் கீழே உள்ள எஃப்பிலிருந்து ஏ, அடுத்து சி ஷார்ப், அடுத்து மேல் எஃப்: மூன்று காந்தாரம் ஓர் ஆக்டேவை நிரப்பும். நடு சிக்கு மேலுள்ள ஏ செக்கனுக்கு 440 அதிர்வில் நிற்கும் பியானோவில் முதலாவது காந்தாரத்தில் செக்கனுக்கு 7 அலைக்குச் சற்றே குறைவு, இரண்டாவது ஏறத்தாழ 9, மூன்றாவது 11. ஏழுக்கு "தகிட தகதிமி" என்று செக்கனுக்கு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பிடிபடும். ஒன்று பிசகினாலும் உடனே தெரிந்துவிடும். ஒரு வழியில் வைத்ததை மற்ற வழியால் சோதியுங்கள். எஃப்–ஏ, எஃப் ஷார்ப்–ஏ ஷார்ப், ஜி–பி என்று அரை அரையாக ஏறும்போது அலையும் சீராக வேகமெடுக்கவேண்டும். நடுவில் ஒன்று தயங்கினால் அங்கேதான் குற்றம்.

ஸ்பானர், பிளையர்ஸ் கிட்டே வரக்கூடாது. பின்னுக்கு எண்ணெய் விடவே விடாதீர்கள். ஒரு செமிடோன் இறங்கிய பழைய பியானோவை ஒரே நாளில் 440க்கு இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் இழுவை டன் கணக்கில். நுவரெலியா பங்களாக்காரர்களே, கணப்புப் பக்கத்திலிருந்து பியானோவை நகர்த்துங்கள். பகலில் பனிமூட்டம், இரவில் நெருப்பு என்றால் ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான சவுண்ட்போர்டு எதுவும் தாங்காது.

அந்தத் தம்பியைத் திட்டத்தான் நினைத்தேன். ஆனால் காது நல்ல காது. பக்கத்துக் கம்பிகள் ஒலிக்காதபடி ரப்பர் ஆப்பைச் செருகி, எஃப்பையும் ஏயையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். வாய்க்குள் தகிட தகதிமி ஓடியது. "கொஞ்சம் பிந்துது அண்ணே" என்றார். பிந்தத்தான் செய்தது. சுருதி சேர்க்கும் சாவியை அவர் கையில் கொடுத்தேன்.