கேமை முன்கூட்டியே வாங்கும் ப்ரீ ஆர்டர் பட்டனை அழுத்தும் முன்: அந்த ‘உயிருள்ள உலகம்’ எவ்வளவு உயிரோடு இருக்கிறது?

பெரிய ஓப்பன் வேர்ல்ட் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி, பெரிய உலகில் இஷ்டப்படி சுற்றி விளையாடும் கேம்) எதுவாக இருந்தாலும் ட்ரெய்லரில் ஒரு சந்தைக் காட்சி கட்டாயம் வரும். நூறு பேர் நடந்துகொண்டிருப்பார்கள், ஒருவர் மூட்டை தூக்குவார், ஒரு குழந்தை குறுக்கே ஓடும், நீங்கள் இல்லாவிட்டாலும் இந்த உலகம் இயங்கும் என்று கனத்த குரலில் யாராவது சொல்வார். கேம் டெஸ்டிங்கில் இருக்கிற எனக்கு அதைப் பார்த்ததும் தோன்றுவது ஒன்றுதான்: கேமரா திரும்பிய பிறகும் இந்த நூறு பேரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

கூட்டத்தைக் காட்டுவது சுலபம். தெருமுனையில் ஓர் ஆள் உருவாகி, கொஞ்ச தூரம் நடந்து, நீங்கள் முதுகைத் திருப்பியதும் மறைந்துவிடுவார். அவருக்குப் பெயரும் கிடையாது, வீடும் கிடையாது. இதை ஏமாற்று வேலை என்றும் சொல்லிவிட முடியாது. திரையில் விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லி விநாடி. படம் வரைவது, சத்தம், மோதல் கணக்குகள் எல்லாம் போக மிச்சமிருக்கும் துளி நேரத்தில்தான் என்பிசிகள் (கேமே இயக்கும் பாத்திரங்கள்) யோசிக்க வேண்டும். அதனால் பொதுவாக உங்களைச் சுற்றியுள்ள பகுதி மட்டும்தான் முழுதாக ஓடும், தூரத்தில் இருப்பவை உறைந்து நிற்கும், இல்லையென்றால் இன்ன நேரத்துக்கு இவன் இன்ன இடத்தில் இருப்பான் என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே உலகம் முழுக்க ஒரே நேரத்தில் இயங்குகிறதா என்று கேட்பதில் பயனில்லை. நீங்கள் செய்ததை அது குறித்து வைத்துக்கொள்கிறதா, அதை வைத்துப் பிறகு ஏதாவது செய்கிறதா என்று கேளுங்கள்.

ஸ்கைரிமை (2011) எடுத்துக்கொள்வோம், அதில் நினைவும் இருக்கிறது, மறதியும் இருக்கிறது. ஒரு வீட்டில் புகுந்து எதையோ திருடுகிறீர்கள், அப்புறம் மறந்தே போகிறீர்கள். கேம் கணக்கில் சில நாள் கழித்து, எங்கோ போகிற வழியில் மூன்று அடியாட்கள் மறிக்கிறார்கள். அடித்துப் போட்டுவிட்டுப் பையைத் துழாவினால் ஒரு சீட்டு கிடைக்கும். உங்களுக்குப் பாடம் கற்பிக்கச் சொல்லிக் காசு கொடுத்தவரின் பெயர் அதில் இருக்கும். அட, அந்த வீட்டுக்காரரா! இதற்கு ஆன செலவு மூன்று என்பிசி, ஒரு துண்டுக் காகிதம். நூறு பேர் சந்தையைவிட எனக்கு இது எவ்வளவோ மேல். அதே கேமில் ஒரு கொள்ளையர் குகையை மொத்தமாகக் காலி செய்துவிட்டு, 30 கேம் நாள் தாண்டி அந்தப் பக்கம் போனால், நீங்கள் வந்துபோன சுவடே இல்லாமல் பழையபடி ஆட்கள் காவல் நிற்பார்கள்.

ஏன் எல்லாவற்றையும் நினைவில் வைக்கக் கூடாது? வைக்கலாம், அதற்கும் விலை உண்டு. நீங்கள் நகர்த்திய ஒவ்வொரு பொருளும், கொன்ற ஒவ்வொரு ஆளும் உங்கள் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் சேவ் ஃபைலில் ஏறும். பிளேஸ்டேஷன் 3-இல் ஸ்கைரிம் வெளியான புதிதில், சேவ் ஃபைல் பெருகப் பெருக கேம் திணறி நின்றது நிறைய பேருக்கு நினைவிருக்கும்.

இன்னொரு விலை கதைக்கு. ஆப்லிவியனில் (2006) என்பிசிக்கு இந்த நேரத்துக்குச் சாப்பிடு என்று இலக்கு மட்டும் கொடுத்துவிடுவார்கள், எப்படி என்பது அவன் பாடு. கையில் சாப்பாடு இல்லையென்றால், நேர்மைக்கான எண் குறைவாக உள்ளவன் திருடவும் செய்வான். திருடினால் காவலர்கள் பாய்வார்கள், செத்தும் போகலாம். செத்தவன் உங்களுக்கு ஒரு குவெஸ்ட் (கதையில் செய்து முடிக்க வேண்டிய வேலை) கொடுக்க வேண்டியவனாக இருந்தால்? நான் வேலை பார்த்த ஒரு கேமில் இதே மாதிரி ஒரு வியாபாரி அடிக்கடி காணாமல் போவார். குவெஸ்ட் அம்புக்குறி ஆளில்லாத கடையைக் காட்டிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு நாள் முழுக்க அவர் பின்னாலேயே நடந்து பார்த்ததில்தான் தெரிந்தது, சாயங்காலம் பக்கத்து ஊருக்குப் போகிற வழியில் ஓநாய்கள் அவரை முடித்துவிடுகின்றன, ஆட்டக்காரர் கண்ணில் படாமலேயே. ஓநாயை எடுக்கவில்லை, பாதையை மாற்றவில்லை. அவரைச் சாகாதவராக்கி விட்டார்கள். ஸ்கைரிமையும் ஆப்லிவியனையும் எடுத்த பெதஸ்டாவின் கேம்களில் முக்கியமான ஆட்களை எவ்வளவு வெட்டினாலும் மண்டியிட்டுவிட்டு எழுந்துகொள்வதும் இதே காரணத்தால்தான். டெஸ்டராக எனக்கு நிம்மதிதான், ஆனால் அந்த ஊரில் உயிர் கொஞ்சம் குறைந்துபோனது உண்மை.

முழு உயிரோடு விட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பலர் இணையத்தில் சேர்ந்து விளையாடும் அல்டிமா ஆன்லைனுக்காக (1997) ஒரு உணவுச் சங்கிலியே கட்டினார்கள்: புல்லைத் தின்ன ஒன்று, அதை வேட்டையாட இன்னொன்று என்று. ஆட்டக்காரர்கள் உள்ளே வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் கொன்று தள்ளினார்கள், பெருகுவதற்கு அவகாசமே இல்லை, கடைசியில் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

சரி, வாக்குறுதிகளுக்கு வருவோம். ஃபேபிள் (2004) வரும் முன், நீங்கள் ஒரு விதையைத் தட்டிவிட்டால் காலப்போக்கில் அது மரமாகும் என்ற அளவுக்குப் பேச்சு ஓடியது. கேமில் அது இல்லை, அதை உருவாக்கிய பீட்டர் மோலினியூ வெளிப்படையாக மன்னிப்பு கேட்டார். சைபர்பங்க் 2077 டிசம்பர் 2020-இல் வந்தபோது, குற்றம் செய்தால் போலீஸ் எங்கிருந்தும் வரவில்லை, முதுகுக்குப் பின்னால் முளைத்தது. துரத்தி வருகிற ஒழுங்கான போலீஸ் கிடைத்தது 2.0 அப்டேட்டில், செப்டம்பர் 2023-இல். ஸ்டாக்கர் 2 ஆர்பிஜி இல்லை, துப்பாக்கிச் சண்டை ஷூட்டர்தான், இருந்தாலும் இங்கே பொருந்தும்: ஏ-லைஃப் 2.0 என்று பெயர் வைத்து விளம்பரப்படுத்திய உயிரோட்டம் நவம்பர் 2024-இல் கேம் வந்தபோது ஒழுங்காக வேலை செய்யவில்லை, கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் அதன் பக்கத்திலிருந்தே அந்தக் குறிப்பு காணாமல் போனது, பிறகு பேட்ச் (திருத்த அப்டேட்) போட்டுத்தான் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். இவை எதையும் மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். டெமோவில் ஓடியது முழு கேமில் ஓடாமல் போவதை உள்ளே இருந்து பார்த்தவர்களுக்கு அது எப்படி நடக்கிறது என்று தெரியும். ஆனால் காசு போவது உங்களுடையது.

பரப்பளவைப் பார்த்தும் மயங்க வேண்டாம். கோத்திக் (2001) இன்றைய கணக்கில் சின்னஞ்சிறு உலகம். ஆனால் அங்கே ஒருவர் குடிசைக்குள் நுழைந்து பாருங்கள், கேட்காமல் நுழைந்ததற்கு அதட்டி வெளியே போகச் சொல்வார். ஆயுதத்தை உருவினால் பக்கத்தில் இருப்பவரும் உருவுவார். பகலில் கொல்லன் சுத்தியலோடு இருப்பார், ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்காருவார்கள். 2014-இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோரில் உங்களைக் கொன்ற ஓர்க்குக்கு (எதிரிப் படையின் அரக்கன்) பதவி உயரும், அடுத்த முறை பார்க்கும்போது அதைச் சொல்லிக் கிண்டலும் அடிப்பான். நெமிசிஸ் என்ற அந்த முறைக்கு வார்னர் பிரதர்ஸ் 2021-இல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கிவிட்டது, மோர்டோர் படைத்த மோனோலித் ஸ்டூடியோவை 2025-இல் மூடியும் விட்டது. வயிற்றெரிச்சல்!

இப்போது புதிதாக, ஏஐ வைத்து எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் என்பிசிகள் என்று டெமோ காட்டுகிறார்கள். நன்றாகப் பேசுவார்கள்தான். மகனைக் காணோம் என்று பத்து நிமிடம் அழுகிற அம்மா, நீங்கள் மகனைக் கூட்டிவந்து எதிரே நிறுத்தினால் அழுகையை நிறுத்துவாரா என்று பாருங்கள். பேச்சுக்கும் கேமில் பதிவான நிலவரத்துக்கும் தொடர்பில்லை என்றால் அது வெறும் வாய்தான்.

வாங்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது? கேம் வெளியான பிறகு, வெட்டாமல் ஒட்டாமல் யாராவது விளையாடும் லைவ் ஸ்ட்ரீம் ஒன்றைப் பாருங்கள். சந்தையில் பெயருள்ள ஓர் ஆளை விளையாடுபவர் எத்தனை முறை கடந்தாலும் அவர் அதே இடத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால் அவருக்கு நாள் என்று ஒன்று எழுதப்படவே இல்லை. கடைக்காரர் இறந்தால் கடை என்ன ஆகிறது, திருடிய ஊருக்குத் திரும்பிப் போனால் பேச்சு மாறுகிறதா, மழை வந்தால் ஒதுங்குகிறார்களா, இதெல்லாம் கண்ணில் படும். உங்களிடமே கேம் இருந்தால் இன்னும் சுலபம்: ஒரு கேம் நாள் முழுக்க ஒரே ஆளைப் பின்தொடருங்கள், நேரத்தை ஓட்டிவிடாமல். போரடிக்கும், எங்களுக்கு அதற்குத்தான் சம்பளம்.

ஸ்டீமில் வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ப்ரீ ஆர்டர் என்றால் கேம் வெளியாகும் நாளிலிருந்து அந்த 14 நாள். ஆனால் பல ஆர்பிஜிகளில் முன்கதையும் பயிற்சியுமே அந்த இரண்டு மணியை விழுங்கிவிடும், முதல் ஊரில் கால் வைக்கும்போது கெடு தாண்டியிருக்கும். அதனால் கேரக்டருக்கு மூக்கு, புருவம் தேர்ந்தெடுப்பதில் முக்கால் மணியைக் கரைக்காமல், கிடைத்த முகத்தோடு நேரே ஊருக்குள் போய்விடுங்கள்.