ஓ.பி. முடிந்த பிறகு எம்.பி.எச்.: சேர நினைப்பவர்களுக்கு

எம்.பி.எச்., அதாவது பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பற்றி மாதம் ஒருவராவது போன் செய்து கேட்கிறார்கள். ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பல் மருத்துவர், ஒரு சுகாதார ஆய்வாளர், பிசியோதெரபி முடித்துவிட்டுத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. "மேடம், வேலையில இருந்துக்கிட்டே ஆன்லைன்ல எம்.பி.எச். முடிச்சீங்களாமே, நானும் சேரலாமா, அது செல்லுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதே தெருக்காரர்கள் அதே காய்ச்சலோடு வருவார்கள், நானும் அதே மாத்திரையை எழுதுவேன். இதற்கு முன்னால் என்ன நடக்கிறது, இவர்கள் ஏன் இங்கே வந்து நிற்கிறார்கள் என்ற கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருந்தது. படிப்பில் சேர்ந்ததற்கு அதுதான் காரணம். செல்லுமா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன், அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் சொல்ல வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்த கணக்கு எங்கள் மாதக் கூட்டத்துக்கு வரும். ஒரு கூட்டத்தில் இரண்டு துணை சுகாதார நிலையங்களின் கணக்கு என் கையில் இருந்தது. எண்களை எளிமைக்காக மாற்றிச் சொல்கிறேன். ஒரு செவிலியர் பகுதியில் புதிதாக 60 பேருக்கு ரத்த அழுத்தம், பக்கத்துச் செவிலியர் பகுதியில் 20 பேருக்கு. நான் முதலாமவரிடம், "உங்க ஏரியாவுல மட்டும் ஏன் இவ்வளவு? மெஷினைச் சரிபார்த்தீங்களா, இல்ல அவசரத்துல அளக்குறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். இருபது வருடம் சர்வீஸ் போட்ட அக்கா. பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நோட்டை மூடினார். இன்னொருவரைப் பாராட்டினேன்.

சில மாதம் கழித்து, இரவு எட்டு மணி ஆன்லைன் வகுப்பில் விகிதம் பற்றிய பாடம். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆசிரியர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை பேரில்? எனக்கு அந்தக் கூட்டம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை ஓ.பி. ஆரம்பிக்கும் முன்பே இரண்டு ரெஜிஸ்டரையும் வாங்கிப் பார்த்தேன். 60 பேரைக் கண்டுபிடித்த அக்கா 600 பேரை அளந்திருக்கிறார். 20 பேரைக் கண்டுபிடித்தவர் அளந்தது 100 பேரை. அதாவது பத்து சதவீதம் ஒரு பக்கம், இருபது சதவீதம் ஒரு பக்கம். அடுத்த வகுப்பில் அதுவும் போதாது என்று புரிந்தது, ஏனென்றால் அந்த 100 பேர் யார்? தலைசுற்றல், தலைவலி என்று தாங்களாகவே நிலையத்துக்கு வந்தவர்கள். அவர்களை வைத்து ஊரில் இருபது சதவீதம் என்று சொன்னால் அதுவும் தப்பு. அக்கா வெயிலில் படியேறி இறங்கி, ஒரு குறையும் இல்லாமல் களத்து மேட்டில் நின்றவர்களையும் அளந்திருக்கிறார். ஒழுங்காக வேலை செய்தவரைத்தான் நான் திட்டியிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம்" என்றார். ஆனால் அந்த மாதங்களில் அவர் எத்தனை வீட்டைத் தாண்டிப் போயிருப்பார், கணக்கு கூடினால் திட்டு விழும் என்று எத்தனை பேரை அளக்காமல் விட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு தப்பான கேள்வி ஒரு கிராமத்தின் நோயையே மறைத்துவிடும். எனக்கு இந்தப் படிப்பு கொடுத்ததில் பெரியது இதுதான்.

இன்னொன்று டெங்கு. எங்கள் பக்கம் பல ஊர்களில் தண்ணீர் தினமும் வராது. கொசுப்புழு இருக்கிறது, தொட்டியைக் கொட்டிவிடுங்கள் என்று சொல்லப் போனபோது ஒரு பாட்டி என்னைக் கேட்டார்: "ஏந்தாயி, எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது, இதையும் கொட்டிட்டா நாங்க எதைக் குடிக்கிறது?" எம்.பி.பி.எஸ். படிப்பில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பற்றித் தேர்வு எழுதியிருக்கிறேன், இந்தப் பாட்டிக்குச் சொல்லப் பதில் இல்லை. முட்டை பெரிய கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், தண்ணீர் வரும் இடைவெளியும் ஏறக்குறைய அதேதான். அந்த முட்டைகள் தண்ணீருக்குள் மிதப்பதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். ஆகவே தண்ணீரைக் கொட்டுவதைவிட, தண்ணீர் தீர்ந்துபோகும் நாளில் தேங்காய் நாரை வைத்துச் சுவரைத் தேய்ப்பதும், நிரப்பியவுடன் வேட்டித் துணியால் வாயைக் கட்டுவதும் அந்த வீட்டுக்குப் பொருந்துகிற வழி. இதைப் பாட்டி உடனே ஏற்றுக்கொண்டார்.

புழுக் கணக்கிலும் அதே 'எத்தனையில்?' என்ற கேள்விதான். 100 வீடு பார்த்து 10 வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 10. அந்த 10 வீட்டிலும் சேர்த்து 30 பாத்திரத்தில் புழு என்றால், நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரம் என்று பார்க்கும் பிரெட்டோ குறியீடு 30. வீட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் சின்ன பிரச்சினையாகத் தெரியும், பாத்திரத்தைப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். எந்த வகைப் பாத்திரம் என்று பிரித்து எழுதினால் இன்னும் நல்லது. சிமெண்ட் தொட்டியா, டிரம்மா, பின்கட்டில் கிடக்கும் உரலா, பஞ்சர் கடை டயரா? அதற்கேற்ற வேலையைச் செய்ய வேண்டும், தெரு முழுக்கப் புகை அடித்துவிட்டுப் போவதில் புழு சாகாது.

வேலையில் இருந்துகொண்டு படிப்பவர்களுக்கு இருக்கும் வசதி இதுதான். கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர் களத்தைத் தேடிப் போக வேண்டும், நமக்குக் களம் மேசைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அசைன்மெண்டில் ஒரு சமூகத்தின் சுகாதாரப் பிரச்சினையை ஆராய்ந்து எழுது என்று வந்தால், நான் யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை, இதைப் பலர் கவனிப்பதில்லை. ரெஜிஸ்டர் நம் அலமாரியில் இருப்பதால் அது நம் சொத்து ஆகிவிடாது. நோயாளி மருந்துக்காகச் சொன்ன விவரத்தை எடுத்து ஆய்வறிக்கை எழுத வேண்டுமானால் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், பெயரும் முகவரியும் செல்போன் நம்பரும் நீக்கப்பட வேண்டும். சின்ன ஊரில் பெயரை எடுத்தாலும் "மூன்றாவது பிரசவத்தில் இறந்த 24 வயதுப் பெண்" என்று எழுதினால் ஊருக்கே யார் என்று தெரிந்துவிடும். ஒப்புதல் வர மாதங்கள் ஆகும், அதனால் ஆய்வுத் தலைப்பை முதல் செமஸ்டரிலேயே முடிவு செய்துவிடுங்கள். நான் தாமதித்தேன், கடைசி வருடம் ரொம்ப நெருக்கடியாகிவிட்டது.

புள்ளியியலுக்குப் பயந்து பின்வாங்குபவர்கள் நிறையப் பேர். உண்மையில் முக்கால்வாசி கூட்டல், வகுத்தல்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். 1000 பேர் உள்ள ஊரில் 10 பேருக்கு ஒரு நோய். உங்கள் சோதனை நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாக உண்டு என்று காட்டும். ஆக, 9 பேரைச் சரியாகப் பிடிக்கிறோம். மீதி 990 பேரில் ஏறக்குறைய 50 பேருக்குத் தவறாக உண்டு என்று வருகிறது. முகாமில் 59 பேரிடம் "உங்களுக்கு இருக்கு" என்கிறோம், உண்மையில் இருப்பது 9 பேருக்கு. மறுபரிசோதனை முடிவு வரும்வரை அந்த 50 வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள். முகாம் நடத்துகிற ஒவ்வொருவரும் இந்தக் கணக்கை ஒருமுறையாவது பேனாவால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மென்பொருளும் செலவில்லை, எபி இன்ஃபோ, ஆர் இரண்டும் இலவசம்.

நேரம்? கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். ஆரப்பாளையம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு பாடம் கேட்பேன், நின்றுகொண்டு வந்தால் அன்று பாடம் இல்லை. ஒரு சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரை மருத்துவ முகாமில் டூட்டி, அழகர் ஆற்றில் இறங்கிய அன்றே அசைன்மெண்டுக்குக் கடைசி நாள். முன்கூட்டியே கேட்டால் கூடுதல் நாள் தருவார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கேளுங்கள், தயங்காதீர்கள். வீட்டில் மாமியாரோ கணவரோ இரவு வகுப்பு நடக்கும் இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்களா என்பதைச் சேர்வதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள், பெண்கள் பாதியில் நிறுத்துவதற்குப் பாடத்தைவிட இதுதான் காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, செல்லுமா?

இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. எனக்கும் ஒரு ஏஜெண்ட் போன் செய்து, "யு.ஜி.சி. அப்ரூவ்டு மேடம், இன்னைக்கே கட்டினா பீஸ்ல கழிவு" என்றார். எந்தப் படிப்புக்கு, எந்த வருடத்துக்கு அனுமதி என்று கேட்டதும் அப்புறம் அழைக்கிறேன் என்று வைத்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, இந்தப் படிப்பை இந்தக் கல்வியாண்டில் ஆன்லைனில் நடத்த அனுமதி இருப்பது வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, டெப் என்பார்கள், அதன் இணையதளத்தில் நிறுவனம், படிப்பு, ஆண்டு மூன்றையும் நீங்களே பார்க்க வேண்டும். சேர்வதற்கு இப்போது டெப் ஐடி என்ற மாணவர் அடையாள எண்ணும் கட்டாயம். 2020ஆம் ஆண்டு விதிமுறைப்படி மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி எதையும் ஆன்லைனில் பட்டமாக நடத்தக் கூடாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, ஊட்டச்சத்து போன்ற இணை சுகாதாரப் படிப்புகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நம் துறைக்குப் பக்கத்து வீடுகள் இவை, அதனால் போன வருடம் சேர்ந்த நண்பர் சொன்னதை நம்பி இந்த வருடம் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டுப் பல்கலை என்றால், இங்கே சமன்நிலை, அதாவது இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற ஏற்பு, கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் லட்சங்களைப் பற்றிப் பேச வேண்டும்.

அப்புறம், எம்.பி.எச். முடித்தால் யாரும் டாக்டராகிவிட மாட்டார்கள். மருத்துவர்களுக்கும் இது எம்.டி. சமூக மருத்துவத்துக்குச் சமம் கிடையாது. அரசுப் பணியில் இருப்பவர்கள் சேரும் முன்பே துறை அனுமதி வாங்க வேண்டும், பதவி உயர்வுக்கு இந்தப் பட்டம் கணக்கில் வருமா என்பதைப் பணி விதியிலேயே படித்துப் பார்க்க வேண்டும். பதவி உயர்வு மட்டுமே நோக்கம் என்றால், அந்த விதியைப் படித்த பிறகு பலர் சேர மாட்டார்கள், அதுவும் நல்ல முடிவுதான்.

பணம் கட்டும் முன் இந்தப் பாடம் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சென்னையில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் சுகாதார ஆய்வின் அடிப்படைகளை எட்டு வாரப் பாடமாக மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் நடத்துகிறது. படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான். காசநோயாளியின் எடை, மூச்சு வேகம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று எளிதாகப் பிரித்துப் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே அட்மிட் செய்யும் காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022இல் நம் மாநிலத்தில் வந்ததே, அதில் பங்கு கொண்ட நிறுவனம்தான் இது. அந்த எட்டு வாரத்தை வேலையோடு சேர்த்து முடிக்க முடிந்தால் எம்.பி.எச்.சின் இரண்டு வருடத்தைப் பற்றி யோசிக்கலாம்.

நான் திட்டிய அக்கா இப்போது அந்தப் பாடத்தில்தான் இருக்கிறார். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாற்றம், கல்லூரியில் படிக்கும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். போன வாரம் மாதக் கணக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். ரெஜிஸ்டரில் ஸ்கேலால் புதிதாக ஒரு கோடு போட்டிருந்தது, அதன் தலைப்பில் 'அளந்தவர்கள்' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம், 'வீட்டில் இல்லாதவர்கள்'. இரண்டாவது கட்டத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.